ஸ்வீடனில் ஒரு வரி தவறினால் வெள்ளிமலையில் என்ன ஆகும்?

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தைச் சுற்றியிருக்கும் பிரவுசிங் சென்டர்களில் கூட்டத்துக்குக் குறைவில்லை. சாதிச் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், ஆதாரில் பெயர் திருத்தம், தேர்வு முடிவு என்று ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருக்கும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவர்கள் பல வேலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு வருவார்கள். காத்திருக்கும் நேரத்தில் கையிலிருக்கும் போனில் நல்ல சிக்னல் வந்ததும், பல நாள் தேங்கிய செய்திகள் மொத்தமாக வந்து விழும். அவற்றுக்கு நடுவே ஒன்று, ‘சிஸ்டம் அப்டேட் தயாராக உள்ளது’ என்று சொல்லும். பெரும்பாலானோர் அதை விரலால் ஓரம் தள்ளிவிடுவார்கள். “அப்டேட் போட்டா போன் ஸ்லோ ஆயிடும்” என்பது ஊருக்கு ஊர் சொல்லப்படும் ஞானம்.

அந்த அறிவிப்புக்குள் என்ன இருக்கிறது? புதிய எமோஜியும் கேமரா வசதியும் மட்டுமல்ல. பல நேரங்களில், எங்கோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் சம்பளமே இல்லாமல் எழுதிக்கொடுத்த நிரலில் இருந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு அதில் இருக்கும். அப்படிப்பட்ட ஓர் ஓட்டையின் கதையைப் பார்த்தால், அந்த அறிவிப்பைத் தள்ளிவிடலாமா என்பது ஓரளவு விளங்கும்.

கீல் செய்பவரும் கதவு செய்பவரும்

கதவு செய்யும் ஆசாரி கீலையும் தாழ்ப்பாளையும் தானே வார்ப்பதில்லை. ஹார்டுவேர் கடையில் வாங்கித்தான் பொருத்துகிறார். மென்பொருளிலும் இதே வழக்கம். ஒரு செயலியை எழுதுபவர், இணையத்தில் இன்னொரு கணினியைத் தேடிப் பிடித்து, அதனுடன் பேசி, தகவலை வாங்கி வரும் வேலையை முதலிலிருந்து எழுதமாட்டார். அதற்கென்று ஏற்கெனவே எழுதி, பலர் சோதித்து, எல்லோரும் பயன்படுத்தத் திறந்துவைத்திருக்கும் நிரல் தொகுப்பு ஒன்றை எடுத்துப் பொருத்திக்கொள்வார். இதைத்தான் ‘லைப்ரரி’ என்கிறார்கள். தமிழில் நிரல் நூலகம்.

இந்த வகைக் கீல்களில் உலகில் அதிகம் விற்பது, இல்லை, அதிகம் இலவசமாகப் போவது ‘கர்ல்’. ஸ்வீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க் இதைத் தலைமையேற்று நடத்துகிறார். 1996-ல் பிரேசில் நிரலாளர் ஒருவர் எழுதிய ஒரு சின்ன நிரலை, அரட்டை அறையில் நாணய மாற்று விகிதத்தைத் தானாகச் சொல்வதற்காக ஸ்டென்பெர்க் எடுத்துப் பயன்படுத்தினார். வளர்ந்து, பெயர் மாறி, 1998 மார்ச்சில் ‘கர்ல்’ ஆனது. 2000-ல் பிற நிரல்களுக்குள் பொருத்திக்கொள்ளும் நூலகமாகவும் வந்தது. இன்று போன், டி.வி., கார், விண்டோஸ், மேக், சர்வர் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. உலகம் முழுக்க இரண்டாயிரம் கோடி இடங்களில் நிறுவப்பட்டிருக்கலாம் என்பது ஸ்டென்பெர்க்கின் மதிப்பீடு. மனிதர்களின் எண்ணிக்கையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். செவ்வாய் கிரகத்தில் பறந்த ‘இன்ஜெனுயிட்டி’ ஹெலிகாப்டர் திட்டத்தில் பயன்பட்ட திறந்தமூல மென்பொருள்களின் பட்டியலிலும் கர்ல் இருந்தது.

ஒரு கீலில் கோளாறு என்றால் ஒரு கதவு ஆடும். எல்லாக் கதவிலும் ஒரே கம்பெனிக் கீல் என்றால்?

2023 அக்டோபரில் நடந்தது

2023 அக்டோபர் முதல் வாரத்தில் ஸ்டென்பெர்க் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அக்டோபர் 11 அன்று புதிய பதிப்பு வரும், அதில் நீண்ட காலத்தில் கர்லில் கண்டறியப்பட்ட மிக மோசமான பாதுகாப்புக் குறைபாடு சரிசெய்யப்படும் என்பது அதன் சாரம். எந்த வரியில் குறை, எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. சொல்லியிருந்தால் ஒட்டு வருவதற்குள் திருடன் வந்துவிடுவான். லினக்ஸ் வகைகளைத் தயாரிப்பவர்களுக்கு மட்டும் ரகசியமாக முன்கூட்டியே தகவல் போனது. மற்றவர்கள் ஒரு வாரம் நகத்தைக் கடித்துக்கொண்டு இருந்தார்கள்.

அந்த வாரத்தில் உலகெங்கும் கணினித் துறைகளில் கேட்கப்பட்ட கேள்வி எளிமையானது: ‘நம்மகிட்ட கர்ல் எங்கெங்க இருக்கு?’ பலருக்கும் பதில் தெரியவில்லை. ஏனென்றால் அவர்கள் கர்லை வாங்கவில்லை. வாங்கிய பொருளுக்குள் அது இருந்தது.

அக்டோபர் 11 அன்று 8.4.0 பதிப்பு வந்தது. சி.வி.இ-2023-38545 என்ற எண்ணோடு விவரமும் வெளியானது. 2020 மார்ச்சில் வந்த 7.69.0 பதிப்பிலிருந்து 8.3.0 வரை எல்லாவற்றிலும் இந்தக் குறை இருந்திருக்கிறது. மூன்றரை ஆண்டுகளுக்கும் மேல், ஆயிரக்கணக்கானோர் படிக்கும்படி திறந்துகிடந்த நிரலில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அந்த வரிகளை எழுதியவர் யார்? ஸ்டென்பெர்க்கேதான். அதை அவர் மறைக்கவில்லை. ‘கர்லில் நான் இந்தப் பிழையை எப்படிச் செய்தேன்’ என்ற பொருளில் நீண்ட விளக்கமே எழுதினார். கண்டுபிடித்துச் சொன்னவருக்கு 4,660 டாலர் பரிசு கிடைத்தது.

சிலேட்டு அழிந்த கதை

பிழை எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ள, பழைய ரேஷன் கடைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளலாம். பெயருக்கு ஒரு கட்டம், பக்கத்தில் அளவுக்கு ஒரு கட்டம், அதற்கடுத்து தொகை. யாரோ ஒருவர் வேண்டுமென்றே மிக நீளமான பெயரைச் சொல்கிறார். எழுதுபவர் கட்டம் முடிந்ததைக் கவனிக்காமல் எழுதிக்கொண்டே போனால், பெயரின் வால் அளவுக் கட்டத்தையும் தொகைக் கட்டத்தையும் அழித்து அதன் மேல் உட்கார்ந்துவிடும். வால் பகுதியில் ‘அரிசி 500 கிலோ’ என்று இருந்தால், பதிவேடு அதையே உண்மையென்று நம்பும். கணினியின் நினைவகத்திலும் இதுதான் நடக்கிறது. ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதவைத்து, பக்கத்து இடத்தில் தனக்கு வேண்டியதை வைப்பது. கணினித் திருட்டில் இது பல பத்தாண்டுப் பழைய உத்தி.

இவ்வளவு பழைய உத்தி என்றால் கர்லில் தடுப்பு இல்லையா? இருந்தது. அங்கேதான் சுவாரசியம்.

சிலர் இணையத்தை நேரடியாக அணுகாமல், ‘சாக்ஸ்5’ என்ற முறையில் ஓர் இடைத்தரகர் கணினி வழியாகப் போவார்கள். தாங்கள் தேடும் தளத்தின் பெயரைத் தரகரிடம் சொன்னால், அவர் முகவரியைக் கண்டுபிடித்து இணைத்துவிடுவார். இந்த முறையில் பெயர் 255 எழுத்திடங்களுக்கு மேல் இருக்க முடியாது. அதனால் கர்லில் ஒரு விதி: பெயர் அதைவிட நீளம் என்றால் தரகரிடம் கொடுக்காதே, முகவரியை நீயே தேடிக்கொள். சரியான முடிவுதான். ஆனால் அந்த முடிவு, வேலை நடக்கும் நேரத்துக்கு மட்டும் உயிரோடிருக்கும் ஒரு தற்காலிகக் குறிப்பில் எழுதப்பட்டது.

சிலேட்டில் ‘இதை நாமே பார்த்துக்கொள்வோம்’ என்று எழுதிவிட்டு ஒரு குமாஸ்தா டீ குடிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருவதற்குள் சிலேட்டைத் துடைத்து, வழக்கமான விதியை எழுதி வைத்துவிட்டார்கள். அவர் அதைப் படித்து, அந்த நீளமான பெயரை அப்படியே தரகருக்கான சின்னக் கட்டத்தில் எழுதத் தொடங்குகிறார். கர்லிலும் அப்படித்தான். தரகர் கணினி உடனே பதில் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. கொஞ்சம் தாமதித்தால் நிரல் அந்த வேலையை நிறுத்திவிட்டு, மறுபடி வந்து தொடரும். மறுபடி வரும்போது பழைய முடிவு மறந்துபோயிருக்கும்.

சோதனைக்கூடத்தில் தரகர் கணினி பக்கத்து மேசையில் இருக்கும், பதில் நொடியில் வந்துவிடும். வெளியுலகில் இணைப்பு தாமதமாகும். மெதுவான இணைப்பில் மட்டும் எட்டிப்பார்க்கும் பிழை என்பதால்தான் அத்தனை நாள் பிடிபடாமல் இருந்தது என்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

கர்ல் எழுதப்பட்டிருப்பது ‘சி’ மொழியில். நினைவகத்தில் எங்கே எவ்வளவு எழுதலாம் என்பதை அந்த மொழி தானாகக் காவல் காப்பதில்லை. நிரலாளர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்படிக் காவல் காக்கும் புதிய மொழியில் எழுதியிருந்தால், கர்லில் இதுவரை வந்த பாதுகாப்புக் குறைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் வந்தே இருக்காது என்று ஸ்டென்பெர்க் அப்போது ஒப்புக்கொண்டார். ஆனால் கால் நூற்றாண்டு உழைப்பை ஒரே நாளில் வேறு மொழிக்கு மாற்றிவிட முடியாது. அது ஓடும் பஸ்ஸில் இன்ஜின் மாற்றுகிற வேலை.

அப்படியென்றால் பயப்பட வேண்டுமா?

இந்த ஒரு குறைக்கு, சாதாரண பயனாளர் பெரிதாகப் பயந்திருக்க வேண்டியதில்லை. இடைத்தரகர் வழியாகப் போகிறவராக இருக்க வேண்டும். இணைப்பு மெதுவாக இருக்க வேண்டும். விஷமியின் தளம் மிக நீளமான பெயருக்குத் திருப்பிவிட வேண்டும். இத்தனையும் சேர்ந்தால்தான் ஆபத்து. அறிவிப்பு கிளப்பிய பீதிக்கு விவரம் கொஞ்சம் இளைத்துத்தான் இருந்தது.

பீதியே சில நேரம் பெரிய தொல்லை ஆகிவிடுகிறது. அதே 2023-ல், 2019-லேயே சரிசெய்யப்பட்ட ஒரு சாதாரணக் கோளாறுக்கு அமெரிக்க அரசின் குறைபாட்டுத் தரவுத்தளம் 10-க்கு 9.8 என்று அபாய மதிப்பெண் போட்டது. கர்ல் குழு போராடிய பிறகே அது வெகுவாகக் குறைக்கப்பட்டது. இன்னொரு கூத்தும் நடந்தது. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் சேர்த்துத் தந்த கர்ல் பழையது என்று பாதுகாப்புச் சோதனைக் கருவிகள் அலாரம் அடிக்க, பலர் அந்தக் கோப்பையே அழித்தார்கள். விளைவு, அடுத்த விண்டோஸ் அப்டேட் பலருக்கு நிற்கத் தொடங்கியது. கீல் பழையது என்று கழற்றிவிட்டால் கதவு எங்கே நிற்கும்?

உண்மையில் பயப்பட வேண்டிய முன்னுதாரணம் வேறொன்று. 2014 ஏப்ரல் 7 அன்று வெளியான ‘ஹார்ட்பிளீட்’. இதுவும் ஒரு திறந்தமூல நூலகத்தில் வந்ததுதான். பெயர் ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’. இணையதள முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுக் குறிக்குப் பின்னால் வேலை செய்யும் நிரல். அதில் இரண்டு கணினிகள் ‘இருக்கிறாயா?’ என்று அவ்வப்போது விசாரித்துக்கொள்ளும் வசதி ஒன்று 2011 டிசம்பர் 31 அன்று சேர்க்கப்பட்டது. ஒருவர் ஒரு சொல்லையும் அதன் நீளத்தையும் அனுப்ப, மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நீளம் உண்மைதானா என்று சரிபார்க்கும் வரி விடுபட்டுவிட்டது. ‘மலை’ என்ற சொல்லை அனுப்பிவிட்டு ‘இதன் நீளம் அறுபதாயிரம் எழுத்து’ என்று பொய் சொன்னால், சர்வர் ‘மலை’யோடு சேர்த்துத் தன் நினைவில் பக்கத்தில் கிடந்த அத்தனையையும் கொட்டிவிடும். அதில் மற்றவர்களின் கடவுச்சொல் இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியே இருக்கலாம். ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை. தடயமும் மிஞ்சாது.

அன்றைக்குப் பாதுகாப்பான இணைய சர்வர்களில் சுமார் ஐந்து லட்சம் இதனால் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருந்தன. கனடாவின் வரித்துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடப்பட்டன. ஆண்ட்ராய்டு போன்களிலும் ஒரு பதிப்பு மாட்டியது: 4.1.1. கூகுள் ஒட்டைத் தயாரித்து போன் கம்பெனிகளிடம் கொடுத்துவிட்டது. ஆனால் அதைக் கடைசிப் பயனாளரின் கைக்குக் கொண்டுசேர்க்க வேண்டியது அந்தக் கம்பெனிகள்தான். மலிவு விலை போனின் பழைய மாடலுக்கு மெனக்கெட்டு ஒட்டு அனுப்பும் ஆர்வம் எத்தனை கம்பெனிகளுக்கு இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உலக வணிகமே நம்பியிருந்த அந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு அப்போது ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒரே ஒருவர். இலவசமாக எடுத்துப் பயன்படுத்திய பெரிய நிறுவனங்களுக்கு, அடித்தளத்தைத் தாங்குபவர் சாப்பிட்டாரா என்று கேட்கத் தோன்றவில்லை. ஹார்ட்பிளீட் வெடித்த பிறகுதான் லினக்ஸ் ஃபவுண்டேஷன் மூலம் இந்த வகைத் திட்டங்களுக்குப் பெரிய நிறுவனங்கள் பணம் ஒதுக்கத் தொடங்கின.

மலைக்கு ஒட்டு எப்போது வந்து சேரும்?

ஸ்வீடனில் ஒட்டு தயாரான நாளுக்கும், அது ஒரு கருவியில் உட்காரும் நாளுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் திருடனின் நேரம். பெரிய வங்கியின் சர்வரில் அது குறைவாக இருக்கலாம். மைக்ரோசாஃப்ட்டே 2023 அக்டோபரில் வந்த கர்ல் ஒட்டை நவம்பர் 14 அன்றுதான் விண்டோஸ் வழியே கொடுத்தது. கல்வராயன் மலையில்?

கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன், கள்ளக்குறிச்சி, சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மலையாளி பழங்குடியினர் வாழும் சிற்றூர்கள் பள்ளத்தாக்குகளிலும் சரிவுகளிலும் சிதறியிருக்கின்றன. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கல்வராயன்மலை வட்டமும் இருக்கிறது. அலுவலகம் கிட்டே வந்துவிட்டது, டவர் வரவில்லை என்பதுதான் பல சிற்றூர்களின் நிலை. நாடு முழுவதும் இப்படி 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு பி.எஸ்.என்.எல். மூலம் டவர் அமைக்க 26,316 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்பு தரும் பாரத்நெட் பணியும் ஒருபக்கம்.

சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று பேசுகிறவர் ஒரு ஜி.பி. அப்டேட்டை எங்கே நின்று இறக்குவார்? பாதியில் அறுந்தால் மறுபடி காத்திருக்க வேண்டும். டேட்டா பேக்கில் அன்றைய பங்கு அதற்கே தீர்ந்துவிடும். பிள்ளையின் பாடத்துக்கும் அதே பேக்தான். ஆக, அவர் அறிவிப்பைத் தள்ளிவிடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது, அறியாமை மட்டும் இல்லை. ஊரக வேலைத் திட்டக் கூலியும் மகளிர் உரிமைத்தொகையும் வங்கிக் கணக்குக்கு வரும் காலத்தில், அந்த போனே பாஸ்புக். ஒட்டு கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில்தான் இழப்பைத் தாங்கும் சக்தியும் மிகக் குறைவு.

சற்று ஆறுதலான மாற்றமும் உண்டு. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், பாதுகாப்பான இணைப்புக்கான நூலகம் உள்ளிட்ட சில முக்கியப் பகுதிகளை, முழு சிஸ்டம் அப்டேட்டுக்குக் காத்திருக்காமல் பிளே ஸ்டோர் வழியாகவே சின்ன அளவில் கூகுள் அனுப்பிவிடுகிறது. போன் கம்பெனியின் தயவு தேவையில்லை. அதனால் போன் ஆண்ட்ராய்டு 10-க்கு முந்தையதா, பிந்தையதா என்பது பெரிய வித்தியாசம். வீட்டில் கைமாறிக் கைமாறிப் பாட்டிக்கு வந்து சேர்ந்த பழைய போனில் வங்கிச் செயலி வைத்திருப்பது நல்லதல்ல.

கணினிகளின் கதையும் அதுவே. 2011 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு அரசு தந்த விலையில்லா மடிக்கணினிகளில் தொடக்க ஆண்டுகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய இந்திய இயங்குதளம் அது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. எத்தனையோ பேரின் ஆதாரையும் ஓ.டி.பி.யையும் தட்டச்சு செய்யும் பிரவுசிங் சென்டர் கணினி எந்தப் பதிப்பில் ஓடுகிறது என்று எட்டிப்பார்த்தால் தப்பில்லை. பழைய கணினியில் இலவச லினக்ஸ் போட்டால் ஒட்டு தொடர்ந்து கிடைக்கும். பக்கத்து விழுப்புரத்தில் ‘விஜிஎல்யூஜி’ என்ற கட்டற்ற மென்பொருள் குழு கிராமத்து மாணவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்து வருகிறது.

பிஸ்கட் பாக்கெட்டில் இருப்பது மென்பொருளில் இல்லையா?

மத்திய அரசின் கணினி அவசர நடவடிக்கைக் குழுவான ‘செர்ட்-இன்’ இத்தகைய குறைபாடுகள் பற்றி எச்சரிக்கை வெளியிடுகிறது. 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவின்படி, நிறுவனங்கள் இணையத் தாக்குதலைக் கண்டறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும். 2024 அக்டோபரில் அது இன்னொரு வழிகாட்டுதலும் தந்தது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் மைதா, சர்க்கரை, பாமாயில் என்று அச்சிடுவதைப் போல, அரசுக்கு வாங்கும் மென்பொருளுக்குள் என்னென்ன நூலகங்கள், எந்தப் பதிப்பில் இருக்கின்றன என்ற உட்பொருள் பட்டியலைக் கேட்டு வாங்கச் சொல்கிறது. 2023 அக்டோபரில் கர்ல் எங்கே இருக்கிறது என்று எல்லோரும் தேடி அலைந்தார்களே, அந்தப் பட்டியல் இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

கர்ல் தரப்பில் புதிய தலைவலி வேறு விதம். பிழை கண்டுபிடித்தால் பரிசு என்பதால், செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு, இல்லாத பிழையை இருப்பதாக எழுதி அனுப்புபவர்கள் பெருகிவிட்டார்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பொய்யென்று நிரூபிக்க அந்தச் சிறு குழு மணிக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. வெறுத்துப்போய் 2026 ஜனவரியோடு பரிசுத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். இன்னொரு பக்கம், விஷயம் தெரிந்தவர் கையில் அதே வகைக் கருவிகள் கர்லில் உண்மையான பிழைகளையும் கண்டுபிடித்துக் கொடுத்தன.

கள்ளக்குறிச்சிக்கு வேலையாக வந்தவர் செய்யக்கூடியது இவ்வளவுதான். நம்பிக்கையான வைஃபை கிடைத்தால் செட்டிங்ஸில் ‘சிஸ்டம் அப்டேட்’, பிறகு ‘கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட்’ இரண்டையும் தட்டிப் பார்க்கலாம். இரண்டாவது பலர் கண்ணில் படாமல் உள்ளே ஒளிந்திருக்கும். செக்யூரிட்டி பேட்ச் என்ற இடத்தில் இருக்கும் தேதி இரண்டு மூன்று ஆண்டுக்கு முந்தையது, புதிதாக எதுவும் வரவில்லை என்றால், அந்த போனில் பணப் பரிவர்த்தனையை நிறுத்திக்கொள்வது நல்லது. சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். இல்லாவிட்டால் பல போன்கள் அப்டேட்டை ஏற்றுக்கொள்ளாது. இறக்குவதற்கு அரை மணி, ரீஸ்டார்ட் ஆகப் பத்து நிமிடம். சான்றிதழுக்கு டோக்கன் வாங்கியதும் தொடங்கிவிட்டால், வெள்ளிமலை பஸ் கிளம்புவதற்குள் முடிந்துவிடும்.